முதல் லைவ்அபோர்டு டைவிங் பயணம்: கரையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

ஸ்கூபா டைவர்கள் (சிலிண்டர் காற்றோடு கடலுக்கடியில் போகிறவர்கள்) பல நாள் தங்கி, சாப்பிட்டு, தூங்கி, அங்கிருந்தே கடலில் இறங்கும் படகுதான் லைவ்அபோர்டு. பெரும்பாலான பயணங்கள் 7 இரவுகள். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 டைவ் வீதம், வாரக் கடைசியில் கணக்கு 18 முதல் 22 வரை வந்து நிற்கும். கரையில் தங்கி டைவ் போகிறவர் எதையாவது மறந்தால் சாயங்காலம் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். படகு நகர்ந்துவிட்டால் கடையும் இல்லை, மருத்துவரும் இல்லை. பல இடங்களில் போன் சிக்னலும் இருக்காது. முதல் பயணத்தில் பணத்தையும் டைவையும் இழப்பவர்கள் பெரும்பாலும் கரையில் விட்ட வேலையால்தான் இழக்கிறார்கள். அதனால் இங்கே பாதிக்கு மேல் படகில் ஏறுவதற்கு முந்தைய வேலைகள்தான்.

1. உங்கள் தகுதிக்கு ஏற்ற வழித்தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

படகைப் பார்க்கும் முன் வழித்தடத்தைப் பாருங்கள். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும், அட்வான்ஸ்டு 30 மீட்டர் வரைக்கும் அனுமதி தருகிறது. லைவ்அபோர்டு போகும் இடங்களில் பாதிக்குப் பாதி 18 மீட்டருக்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது. எனவே அட்வான்ஸ்டு முடித்துவிட்டுப் போவதே நல்லது. பயணத்தின்போதே அந்தப் பயிற்சியை முடித்துத் தருகிறோம் என்று சில படகுகள் சொல்லும். முடியும்தான், ஆனால் நீங்கள் காசு கொடுத்துப் பார்க்கப் போன பாறைத்திட்டில், திசைகாட்டியை வெறித்துக்கொண்டு நேர்கோட்டில் நீந்திக்கொண்டிருப்பீர்கள்.

சான்றிதழைவிட லாக்புக்கில் (டைவ் பதிவேட்டில்) உள்ள எண்ணிக்கைதான் முக்கியம். செங்கடலின் பிரதர்ஸ், டேடலஸ் போன்ற நடுக்கடல் திட்டுகளுக்குக் குறைந்தது 50 டைவ் கேட்பார்கள். கலாபகோஸின் வுல்ஃப், டார்வின் தீவுகளும் அதே வகை. நீரோட்டம் பலமாக இருக்கும், படகு ஆடும், இறங்கிய நொடியே கீழே போக வேண்டியிருக்கும். முதல் பயணத்துக்கு இவை வேண்டாம். செங்கடலின் வடக்குப் பகுதி, தாய்லாந்தின் சிமிலன் தீவுகள், ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ரிப்பன் ரீஃப்ஸ் ஆகியவை 20, 30 டைவ் உள்ளவரும் சமாளிக்கக்கூடியவை. மாலத்தீவின் நடு அட்டோல்களுக்கும் (வளையப் பவளத்தீவுகளுக்கும்) போகலாம். ஆனால் அங்கே கால்வாய்களில் ஓட்டம் இழுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்தோனேசியாவின் கொமோடோ படத்தில் அமைதியாகத் தெரியும். இறங்கினால் வாஷிங் மெஷின்.

குறைந்தபட்ச டைவ் எண்ணிக்கையை முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொய் சொல்லிச் சேர்ந்தவரை முதல் டைவிலேயே வழிகாட்டி கண்டுபிடித்துவிடுவார். மீதி நாள்களில் கடினமான இடங்களுக்கு உங்களை இறக்காமல் படகிலேயே உட்கார வைக்க அவருக்கு உரிமை உண்டு. பணம் திரும்ப வராது.

பருவத்தையும் பாருங்கள். சிமிலன் தேசியப் பூங்கா அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். பிலிப்பைன்ஸின் துபட்டாஹாவுக்கு மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டுமே படகுகள் போகும். பருவம் தொடங்கும் வாரமும் முடியும் வாரமும் விலை மலிவாகக் கிடைக்கும். கடல் கொந்தளித்து வழித்தடம் மாறினால் அதற்கு ஈடு கிடைக்காது. எல்லா ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கும்.

2. செலவைக் கூட்டிப் பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்

விளம்பரத்தில் இருக்கும் தொகை முழுச் செலவு இல்லை. கீழே உள்ளவை ஒவ்வொன்றும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்:

- கடல் பூங்காக் கட்டணம், துறைமுகக் கட்டணம்
- எரிபொருள் கூடுதல் கட்டணம் (முன்பதிவுக்குப் பிறகும் ஏற்றுவார்கள்)
- நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள சுவாசக் காற்று)
- உபகரண வாடகை; 15 லிட்டர் சிலிண்டர் கேட்டால் அதற்குத் தனி
- விமான நிலையத்திலிருந்து துறைமுகம் வரை போக்குவரத்து
- ஊழியர்களுக்கான டிப்ஸ். பல வழித்தடங்களில் பயணத்தொகையில் 10 விழுக்காடு அளவுக்கு எதிர்பார்க்கிறார்கள்

பூங்காக் கட்டணத்தையும் டிப்ஸையும் பல படகுகள் ரொக்கமாகத்தான் வாங்கும். எந்த நாணயத்தில் என்று முன்பே கேட்டு, கிழியாத, கோடு போடாத நோட்டுகளாக எடுத்துச் செல்லுங்கள்.

தனியாகப் போகிறீர்களா? கேபின்கள் இருவர் கணக்கில் விற்கப்படுகின்றன. முழு கேபினும் உங்களுக்கே வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆகும். அறிமுகம் இல்லாத இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால் இந்தக் கூடுதல் இல்லை. முன்பதிவிலேயே அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

முன்பணம் கட்டிய பிறகு, மீதித் தொகையைப் பயணத்துக்கு 60 முதல் 90 நாள் முன் கேட்பார்கள். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பெரும்பாலும் முழுத்தொகையும் போகும். ஆகவே பயணக் காப்பீட்டை முன்பணம் கட்டும் அன்றே எடுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் எடுத்தால் இடைப்பட்ட மாதங்களில் வரும் காய்ச்சல், எலும்பு முறிவு எதற்கும் ரத்துக் காப்பீடு இல்லாமல் போய்விடும்.

விமான டிக்கெட்டில் இரண்டு விதிகள். படகு கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள். தாமதமான விமானத்துக்காகப் படகு காத்திருக்காது. திரும்பும் விமானம் கடைசி டைவுக்கு 24 மணி நேரம் கழித்து இருக்கட்டும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். டைவில் உடலில் சேர்ந்து மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழாகலாம். இதே காரணத்தால், இறங்கிய அன்றே காரில் மலைப்பாதை ஏறும் திட்டமும் வேண்டாம்.

3. ஆவணங்கள்

பாஸ்போர்ட் திரும்பும் தேதியிலிருந்து 6 மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்கட்டும். விசா விதியைப் படகு நிறுவனத்திடம் கேட்காமல் அந்த நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள். டைவ் சான்றிதழ், நைட்ராக்ஸ் அட்டை, லாக்புக், காப்பீட்டு எண் எல்லாவற்றையும் போனில் படமாகச் சேமித்துவையுங்கள். செயலியை நம்பாதீர்கள், சிக்னல் இல்லாத கடலில் அது திறக்காமல் போகலாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, அறுவை சிகிச்சை என்று அதில் கேள்விகள் வரும். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் டைவ் செய்யவிட மாட்டார்கள். படகில் ஏறும் மாலையில் அந்தப் படிவத்தை முதன்முதலாகப் பார்த்தால், கையெழுத்துப் போட மருத்துவரைத் தேடி எங்கே போவீர்கள்? முன்பதிவு உறுதியானதுமே படிவத்தை வாங்கி நிரப்பிப் பாருங்கள். ஒரே ஒரு ‘ஆம்’ வந்தாலும் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதித் தப்பிக்கலாம் என்று தோன்றும். ஏதாவது ஆனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.

பொதுவான பயணக் காப்பீடு ஸ்கூபாவை விலக்கியிருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரைதான் ஏற்கும். டைவிங்குக்கென்றே தனிக் காப்பீடு எடுங்கள். அழுத்த அறைச் சிகிச்சை (நைட்ரஜன் குமிழ்களுக்கானது), கடலிலிருந்து மருத்துவமனைக்கு மீட்டுச் செல்லும் செலவு இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

4. போவதற்கு முன் பழக வேண்டிய நான்கு திறன்கள்

கடைசி டைவ் ஆறு மாதத்துக்கு முன் என்றால், ஒரு மறுபயிற்சி வகுப்பு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு இவற்றையும் பழகுங்கள்.

முதலாவது, மிதவைக் குழலை (நூல்சுருளில் கட்டிய, நீருக்கு மேலே உங்கள் இடத்தைக் காட்டும் காற்றுக்குழல்) 5 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே விடுவது. நீரோட்டத்தில் குழுவிலிருந்து பிரிந்தால் படகுக்கு நீங்கள் தெரியும் ஒரே வழி அது. சுருளின் பூட்டை விடுவிக்காமல் காற்று நிரப்பினால் குழல் உங்களையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் குளத்திலேயே பத்து தடவை செய்து பாருங்கள். இரண்டாவது, ரப்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சரிந்து இறங்குவது. மூன்றாவது, தண்ணீரிலேயே எடைப் பட்டையையும் பி.சி.டி.யையும் (காற்று நிரப்பி மிதக்க உதவும் ஜாக்கெட்) கழற்றிப் படகோட்டியிடம் கொடுத்துவிட்டு ஏறுவது. எடை முதலில், பி.சி.டி. பிறகு. மாற்றிச் செய்தால் காற்றுப்பை இல்லாமல் ஈயத்தோடு கடலில் நிற்பீர்கள். நான்காவது, ஓட்டத்தில் 3 நிமிடம் கைப்பிடி எதுவும் இல்லாமல் 5 மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற மேலே வருமுன் சற்று நிற்பது) செய்வது.

நைட்ராக்ஸ் பயிற்சியையும் முன்பே முடியுங்கள். ஒரு நாள் வேலை. 18 மீட்டரில் சாதாரணக் காற்றில் முதல் டைவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும் அனுமதி நேரம் (நைட்ரஜன் அளவு மீறாமல் கீழே இருக்கக்கூடிய நேரம்), 32 விழுக்காடு ஆக்சிஜனில் ஒன்றரை மணியைத் தாண்டும். முதல் டைவில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நாளின் மூன்றாவது டைவில், சாதாரணக் காற்றில் இறங்கியவர்களின் டைவ் கம்ப்யூட்டர் (ஆழம், நேரம், நைட்ரஜனைக் கணக்கிடும் கைக்கருவி) மேலே ஏறச் சொல்லும்போது தெரியும்.

5. பை

கடினமான சூட்கேஸ் வேண்டாம். கேபினில் அதை வைக்க இடமில்லை. காலியானதும் மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளக்கூடிய துணிப்பைதான் சரி. ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), டைவ் கம்ப்யூட்டர், மாஸ்க், ஒரு செட் நீச்சலுடை, மருந்துகள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். விமான நிறுவனம் பெட்டியைத் தொலைத்தால் மறுநாள் ஓட்டலுக்குக் கொண்டுவந்து தரும். நடுக்கடலுக்குக் கொண்டுவந்து தராது.

லித்தியம் பேட்டரிகளில் உதிரியாக இருப்பவை கைப்பையில் மட்டுமே போக வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். டைவ் டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உள்ளே தானாக எரியத் தொடங்கினால் சூடு பயங்கரமாக ஏறும்.

டைவ் கம்ப்யூட்டர் உங்களுடையதாகவே இருக்கட்டும். வாடகைக்கு எடுத்தாலும் வாரம் முழுக்க அதே ஒன்றைக் கட்டுங்கள். இடையில் மாற்றினால் முந்தைய டைவ்களின் நைட்ரஜன் கணக்கு புதியதில் இருக்காது. ரெகுலேட்டரைக் கொண்டுபோகிறவர்கள் படகின் சிலிண்டர் வால்வு யோக் வகையா (கவ்வி இறுக்குவது) டின் வகையா (திருகி மாட்டுவது) என்று கேட்டு, பொருந்தாவிட்டால் அடாப்டரை எடுத்துச் செல்லுங்கள். பராமரிப்புக்குக் கொடுத்த ரெகுலேட்டரைப் பயணத்துக்கு முன் ஒரு டைவிலாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும். சர்வீஸ் முடிந்து வந்த உடனேதான் அதிகம் கசியும்.

இரவு டைவுக்கு இரண்டு டார்ச், மிதவைக் குழலும் சுருளும், விசில், உதிரி மாஸ்க் பட்டை, துடுப்புப் பட்டை, வாய்க்கவ்வி, சில ஓ-வளையங்கள் வேண்டும். வழக்கமாகப் போடுவதைவிட ஒரு படி தடிமனான வெட்சூட் எடுங்கள். நாளைக்கு நான்கு முறை இறங்கினால் 28 டிகிரித் தண்ணீரும் மூன்றாம் நாளிலிருந்து குளிரும்.

6. குமட்டலும் காதும்

குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பயனில்லை. படகு நகர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். மருத்துவரிடம் கேட்டு, ஊரில் ஒரு நாள் போட்டுப் பார்த்து, மந்தம் தராததைத் தேர்ந்தெடுங்கள். கேபின் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் கீழ்த்தளத்தில், படகின் நடுவில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்முனைக் கேபின்கள் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

வாரத்தைக் கெடுப்பதில் காதுக்கு நிகர் இல்லை. நாள் முழுக்க ஈரமாகவே இருப்பதால் வெளிக்காது ஊறி, நான்காம் நாள் தொற்று வரும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டு, துண்டால் வெளியே ஒற்றுங்கள். பஞ்சுக்குச்சி உள்ளே போகக் கூடாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குவதும் ஆபத்து. கீழே இருக்கும்போது அதன் வீரியம் தீர்ந்தால், ஏறும்போது காதிலும் சைனஸிலும் காற்று சிக்கிக்கொள்ளும். சளி பிடித்தால் அந்த டைவை விட்டுவிடுவதுதான் வழி.

7. ஏறிய முதல் மாலை

பாதுகாப்பு விளக்கத்தில் பலர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா அருகே கன்செப்ஷன் என்ற டைவ் படகு இரவில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். இரவு முழுக்கச் சுற்றிவரும் காவல் ஆள் அங்கே இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அதனால் நேராகக் கேளுங்கள்: இரவில் விழித்திருப்பவர் யார்? உங்கள் கேபினிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது? அந்த வழியில் ஒரு முறை நீங்களே ஏறிப் பாருங்கள், அது பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். லைஃப் ஜாக்கெட், புகை எச்சரிக்கைக் கருவி, ஆக்சிஜன் பெட்டி எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்படும் படகில் கூடுதலாகவே கவனம் வேண்டும்.

கேமரா, டார்ச் பேட்டரிகளைக் கேபினில் சார்ஜ் போடாதீர்கள். அதற்கென்று மேல்தளத்தில் உள்ள இடத்தில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் போடுங்கள்.

8. முதல் டைவும் எடையும்

முதல் நாள் டைவ் ஆழமற்ற இடத்தில்தான் நடக்கும். எடையைச் சரிசெய்ய அதைப் பயன்படுத்துங்கள். பி.சி.டி.யில் காற்றில்லாமல், சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்து நின்றால் தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். இதை நிறைந்த சிலிண்டரோடு செய்தால் இன்னும் 2 கிலோ சேருங்கள். உள்ளே உள்ள காற்று தீரத் தீரச் சிலிண்டர் அந்த அளவுக்கு இலேசாகும். குளத்தில் போட்ட எடை கடலில் போதாது. எவ்வளவு எடை, எந்த சூட், எந்த சிலிண்டர் என்பதைச் சோதனை முடிந்ததும் லாக்புக்கில் எழுதிவிடுங்கள்.

9. ஒவ்வொரு டைவுக்கும்

லைவ்அபோர்டில் சிலிண்டரை இடத்தைவிட்டு நகர்த்தாமலே நிரப்புவார்கள். உங்கள் உபகரணம் அதிலேயே மாட்டியிருக்கும். வசதிதான், ஆனால் யாரோ தொட்ட வால்வு அது. அளவியைப் பாருங்கள், 200 பாருக்கு அருகே இருக்க வேண்டும். பிறகு அளவியைப் பார்த்துக்கொண்டே நாலைந்து முறை மூச்சை இழுங்கள். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேற்பரப்பில் காற்று வரும். 20 மீட்டரில் போதாமல் போகும்.

நைட்ராக்ஸ் என்றால் ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து, அளவையும் அதிகபட்ச ஆழத்தையும் ஏட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். 32 விழுக்காட்டுக்கு 33 மீட்டர், 36-க்கு 28 மீட்டர். கம்ப்யூட்டரிலும் அதே எண்ணை வையுங்கள். சில மாடல்கள் தாமாகவே சாதாரணக் காற்றுக்குத் திரும்பிவிடும். காலையில் வைத்தது மாலையில் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் பலகையில் உங்கள் பெயரைக் குறிக்கச் சொல்வார்கள். உங்களுக்காக இன்னொருவரைக் குறிக்கவிடாதீர்கள். கடலில் ஆளை விட்டுவிட்டுப் படகு போவது பெரும்பாலும் இந்த ஏட்டுக் கணக்குப் பிசகால்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள்: கேமரா கழுவும் தொட்டியில் மாஸ்க்கைப் போடாதீர்கள், மாஸ்க்கில் இருக்கும் சோப்பும் மூக்குச்சளியும் மற்றவர் லென்ஸில் ஒட்டும். கழிவறையில் காகிதம் போடக் கூடாது. செருப்பு ஏறும் இடத்திலேயே கூடைக்குள் போகும்.

10. மூன்றாம் நாளுக்குப் பிறகு

இதற்குள் உடல் சோர்ந்திருக்கும், தன்னம்பிக்கை மட்டும் ஏறியிருக்கும். இந்தச் சேர்க்கைதான் ஆபத்து. நைட்ரஜன் நாளுக்கு நாள் சேர்வதால் அனுமதி நேரத்தின் கடைசி நிமிடம் வரை இழுக்காதீர்கள். நாள் நடுவில் ஒரு டைவை விட்டுத் தூங்குங்கள். இத்தனை பணம் கட்டியிருக்கிறோமே என்று நான்கையும் போட்டுத்தள்ள வேண்டியதில்லை. சிறுநீர் நிறம் இல்லாமல் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். மது என்றால், முதல் மடக்கோடு அன்றைய டைவ் முடிந்தது. எல்லா நல்ல படகிலும் இதுதான் சட்டம்.

மாலத்தீவில் கேளிக்கை டைவுக்குச் சட்டப்படி 30 மீட்டர்தான் எல்லை. குழுவில் யாராவது கொஞ்சம் கீழே போகலாம் என்று சொன்னால், உங்கள் காப்பீட்டில் எழுதியிருக்கும் ஆழத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

11. இறங்கிய பிறகு

கடைசி டைவ் முடிந்த அன்றே உபகரணங்களைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு கட்டினால் பையின் எடை இரண்டு மூன்று கிலோ ஏறும், விமான நிலையத்தில் அதற்கும் காசு. ரெகுலேட்டரின் தூசு மூடியை மாட்டாமல் தண்ணீரில் அமுக்காதீர்கள்.

அடுத்த இரண்டு நாள்களில் மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் வரிவரியான தடிப்பு, வழக்கத்துக்கு மாறான களைப்பு இவற்றில் எது வந்தாலும் அது நைட்ரஜன் குமிழால் இருக்கலாம்; படுத்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். விமானம் ஏறக் கூடாது. உடனே டைவ் காப்பீட்டின் அவசர எண்ணைக் கூப்பிட்டு, கடைசி டைவ்களின் ஆழத்தையும் நேரத்தையும் கம்ப்யூட்டரிலிருந்து படித்துச் சொல்லுங்கள். அருகில் எந்த மருத்துவமனையில் அழுத்த அறை இயங்குகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அங்கே போய்ச் சேரும்வரை, கிடைத்தால், தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டிருங்கள்.